மாமாவின் நாக்கும் சிறுகுறிஞ்சான் இலையும்

என் அக்காவின் கணவர் தி.நகரில் ஒரு மிட்டாய்க்கடையில் சரக்கு மாஸ்டர். கடைக்கு முன்னால் கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கியிருக்கும் லட்டும் பாதுஷாவும் மைசூர்பாகும் பின்சந்தில் இருக்கும் சமையல்கூடத்திலிருந்துதான் வரும். அங்கே ஏகப்பட்ட பேர் வேலை செய்கிறார்கள். ஆனால் பாகு பதம் பார்ப்பது மாமாவின் பொறுப்பு. பாகைத் தொட்டு இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்துப் பார்ப்பார். கம்பி சரியாக வந்ததும் ஒரு சொட்டை நாக்கில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் எங்கேயோ பார்ப்பார். அவர் தலையை ஆட்டினால்தான் சட்டி அடுப்பிலிருந்து இறங்கும்.

எனக்கு வேலை அடையாறில். மூலிகைகளை ஆராய்கிற ஒரு ஆய்வகத்தில் இருக்கிறேன். இலை, வேர், பட்டை என்று வருவதைக் கரைத்து, வடிகட்டி, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. வீடு மந்தைவெளியில். ஞாயிற்றுக்கிழமைகளில் சைதாப்பேட்டையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன்.

மாமாவுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது தெருவே சிரித்தது. எல்லோருக்கும் முன்னால் அவர்தான் சிரித்தார். "மொதலாளிகிட்ட சொல்லாத பாப்பா. சரக்கெல்லாம் நானே துன்னுட்டேன்னு நெனச்சுக்கப் போறாரு" என்றார். டாக்டர் இரண்டு மாத்திரை கொடுத்தார். ஒன்று, கல்லீரல் சர்க்கரையை வாரி இறைக்காமல் பார்த்துக்கொள்வது. இன்னொன்று, கணையத்தைத் தட்டியெழுப்பி இன்சுலினைச் சுரக்க வைப்பது. மாமா இரண்டையும் ஒழுங்காகப் போட்டார். சாதத்தைக் குறைத்தார். ஆனாலும் நாள் முழுக்கப் பாகு ருசி பார்க்கிறவருக்குச் சர்க்கரை எவ்வளவுதான் இறங்கும்?

மயிலாப்பூரில் ஒரு சித்த மருத்துவரைப் போய்ப் பார்க்கச் சொல்லி யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மா மாமாவைச் சோதித்துவிட்டு, சிறுகுறிஞ்சான் இலைப் பொடி கொடுத்திருக்கிறார். மாத்திரையை நிறுத்தக்கூடாது, இந்தப் பொடி சாப்பிடுவதை அந்த டாக்டரிடமும் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவை அழுத்திச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவரை நான் நேரில் பார்ப்பதற்கு முன்பே அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அதனால்தான்.

மறுநாள் காலை பொடியை வாயில் போட்டு வெந்நீர் குடித்துவிட்டு மாமா வேலைக்குப் போனார். லட்டுக்குப் பாகு தயாராக இருந்தது. வழக்கம்போல ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். ஒன்றுமே இல்லை. வெந்நீர் மாதிரி இருந்தது.

"ஏம்பா, சக்கரை போட்டீங்களா இல்லியா?" என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். மூட்டையிலிருந்து ஒரு பிடி சர்க்கரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மணலை மெல்லுவது போல நறநறவென்று இருந்ததே தவிர இனிப்பு இல்லை. அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது. சந்தில் நின்று எனக்குப் போன் செய்தார்.

"பாப்பா, என் நாக்கு செத்துப்போச்சு."

"மாமா, பதறாதீங்க. காலையில என்ன சாப்பிட்டீங்க?"

பொடியைப் பற்றிச் சொன்னார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். "நாக்குக்கு ஒண்ணும் ஆகல. ஒரு மணி நேரத்துக்குள்ள தானா சரியாயிடும். அது வரைக்கும் விரலை வச்சே பதம் பாருங்க. மிச்சத்தை ஞாயித்துக்கிழமை வந்து சொல்றேன்."

ஊர்ப்பக்கம் இந்தக் கொடிக்குச் சர்க்கரைக்கொல்லி என்றே ஒரு பெயர் உண்டு. பெயர் வைத்தவர் இலையை மென்று பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும். அந்த வாரம் எங்கள் ஆய்வகத் தோட்டத்தில் வேலியில் படர்ந்திருக்கும் கொடியிலிருந்து சில இலைகளைப் பறித்துக்கொண்டு சைதாப்பேட்டைக்குப் போனேன். அக்கா, மாமா, நான் மூன்று பேரும் ஆளுக்கொரு இலையை மென்றோம். கசப்பு. வாயைக் கொப்பளித்துவிட்டு மாமா கொண்டுவந்திருந்த லட்டை எடுத்துக் கடித்தோம்.

அக்கா முகத்தைச் சுளித்தாள். "இன்னாடி இது, நெய்யில ஊறின உருண்டையாட்டம் கீது."

மாமா மட்டும் நிதானமாக மென்றுகொண்டே இருந்தார். பாதி லட்டு முடிந்த பிறகு சொன்னார். "பூந்தி ஒரு பொரட்டு கம்மியா வெந்துகீது. பச்சை மாவு வாசனை அடிக்குது. இத்தினி நாளு சக்கரை மறைச்சுகினு இருந்துச்சு." அடுத்த வாரத்திலிருந்து பூந்தியை இன்னும் கொஞ்சம் பொறுத்து எடுக்கச் சொன்னாராம். சொந்தச் சரக்கின் குறையைக் கண்டுபிடித்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

அப்புறம் அவர் கேட்டார். "அந்த எலைக்குள்ள அப்படி இன்னாதான் கீது?"

காலி தண்ணீர் பாட்டிலில் அவர் பொடியில் ஒரு சிட்டிகை போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினேன். மேலே நுரை கட்டி நின்றது. பூந்திக்கொட்டையை நனைத்துத் தேய்த்தால் வருகிற நுரை மாதிரிதான். இரண்டிலும் இருப்பது ஒரே வகைச் சரக்கு, சப்போனின் என்று பெயர் என்றேன். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு பக்கம் எண்ணெயோடு ஒட்டும், இன்னொரு பக்கம் தண்ணீரோடு ஒட்டும், அதனால்தான் நுரைக்கிறது.

"பூந்திக்கும் பூந்திக்கொட்டைக்கும் இப்பதான் சம்பந்தம் வந்துகீது" என்றார் மாமா.

சிறுகுறிஞ்சானில் இருக்கும் சப்போனின்களுக்கு ஜிம்னீமிக் அமிலங்கள் என்று பெயர். அமிலங்கள் என்று பன்மையில் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் உடம்பு ஒன்றுதான், அதன்மேல் போட்டிருக்கும் நகை மட்டும் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் மாறும். அவை நாக்கில் இனிப்பை உணர்கிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. கொஞ்ச நேரத்துக்குச் சர்க்கரைக்கு அங்கே இடம் இல்லை. உப்பும் புளிப்பும் பழையபடி தெரியும். இனிப்பு ஒன்றை மட்டும் தேடிப்பிடித்து மறைக்கிற இந்த வேலையை ஒரு வேலிக் கொடி எப்படிக் கற்றுக்கொண்டது என்று நான் பல தடவை வியந்திருக்கிறேன். எத்தனையோ இலைகளைக் கையாண்டிருக்கிறேன். இந்த இலை மேல் எனக்கு இருக்கும் பிரியம் வேறு எதன் மேலும் இல்லை.

ஆனால் அன்றைக்கு மாமாவிடம் பிரியத்தை மட்டும் பேசவில்லை. குடலிலும் சர்க்கரை உள்ளே போவதை இது கொஞ்சம் தடுக்கலாம், இன்சுலின் சுரக்கவும் உதவலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் சின்னவை, மாத்திரைக்கு மாற்று என்று யாரும் நிரூபிக்கவில்லை என்றேன். மாத்திரையோடு சேரும்போது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். அபூர்வமாகச் சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாகவும் செய்தி உண்டு. மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நேராகத் தன் டாக்டரிடம் பொடிப் பொட்டலத்தோடு போனார். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. கல்லீரலுக்கு ஒரு பரிசோதனை எழுதினார், வீட்டில் விரலில் குத்திப் பார்க்கிற மெஷின் வாங்கச் சொன்னார். பொடி சாப்பிடும் நேரத்தை மாமா சாயங்காலம் வேலை முடிந்த பிறகு என்று மாற்றிக்கொண்டார். சர்க்கரை கொஞ்சம் இறங்கியது. அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை.

தீபாவளி வந்தது. அந்த மாதம் மிட்டாய்க்கடைக்காரர்களுக்குச் சாயங்காலம் என்று ஒன்று கிடையாது. காலையில் போனால் கடை சாத்தும் வரை சட்டி அடுப்பில்தான் இருக்கும். இரவு வீடு வந்ததும் பொடியைக்கூட மறந்து படுத்துவிடுவார். பகலில் நாக்கை ஒரு மணி நேரம் ஓய்வில் விட மாமாவுக்கு நேரமே இல்லை. அப்போது கூட வேலை செய்கிறவர் ஒருவர், தன் அம்மாவுக்கு வாங்குகிற பொடி என்று ஒரு பாக்கெட்டைக் கொடுத்திருக்கிறார். அதுவும் சிறுகுறிஞ்சான்தான், ஆனால் நாக்கை மழுங்கடிக்காதபடி பக்குவம் செய்தது என்றாராம். பக்கத்துச் சந்தில் ஒரு சின்னக் கடையில் கிடைத்தது. மாமா அதற்கு மாறினார்.

இரண்டே வாரத்தில் சர்க்கரை நன்றாக இறங்கியது. அக்காவுக்கு ஏக சந்தோஷம். மாமா தன் சிநேகிதர் பாய்க்கும் ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுத்தார். பாய் சைதாப்பேட்டை மார்க்கெட் பக்கத்தில் தையல் கடை வைத்திருப்பவர், மாமாவைப் போலவே மாத்திரை சாப்பிடுகிறவர்.

ஆய்வக வேலையில் சில ஞாயிற்றுக்கிழமைகள் நான் அக்கா வீட்டுக்குப் போகவில்லை, அதனால் எனக்கு இது எதுவும் தெரியாது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா சாப்பிட மட்டும் வீட்டுக்கு வந்திருந்தார். என் கண்ணெதிரே ஒரு ஸ்பூன் பொடியை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். உடனே அக்கா வைத்திருந்த பாயசத்தில் ஒரு வாய் எடுத்துப் பார்த்து, "இனிப்பு கொஞ்சம் தூக்கலா கீது" என்றார்.

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

"மாமா, இப்ப போட்டது என்ன பொடி?"

"அதே சிறுகுறிஞ்சான்தான். ஆனா இது நாக்கை ஒண்ணும் பண்ணாது. பக்குவம் பண்ணது. ரெண்டே வாரத்துல சக்கரை நல்லா எறங்கிகீது."

"கேப்சூல்ல அடைச்சு முழுங்கினா நாக்குக்குத் தெரியாது. பொடியா வாயில போட்டா எப்படித் தெரியாம இருக்கும்?"

அந்தப் பாக்கெட்டில் கொஞ்சம் எடுத்து என் நாக்கில் தடவினேன். வெறும் கசப்பு. பின்னாலேயே வெல்லத்தைக் கடித்தேன். வெல்லம் வெல்லமாகவே இனித்தது. பாட்டிலில் போட்டுக் குலுக்கினேன். தண்ணீர் பச்சையானது, நுரை நிற்கவில்லை.

"இதுல சிறுகுறிஞ்சான் இருக்கிற மாதிரித் தெரியல. அப்படின்னா சர்க்கரையை இறக்கினது எது?" என்று நான் கேட்டதும் மாமாவின் முகம் மாறியது. இனிமேல் தொடுவதில்லை என்று பாக்கெட்டை என்னிடமே கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை எங்கள் ஆய்வகத் தலைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். மேடம் அதிகம் பேச மாட்டார். "எல்லா வேலையையும் தள்ளி வச்சிட்டு இதைப் பாரு. அவரு போடற மாத்திரையோட வகையிலயும் ஒண்ணு பக்கத்துல வை" என்றார். கண்ணாடித் தட்டில் வெள்ளைப் பூச்சு பூசியிருக்கும். அதன் கீழ் ஓரத்தில் ஒரே வரிசையில் மூன்று புள்ளி வைத்தேன். ஒன்று எங்கள் தோட்டத்து இலை, ஒன்று பாக்கெட் பொடி, மூன்றாவது கணையத்தைத் தட்டியெழுப்புகிற மாத்திரைகளில் பழைய ஒன்று. தட்டைக் கரைப்பானில் நிறுத்தினால், கரைப்பான் மேலே ஏறும்போது ஒவ்வொரு பொருளும் தனக்குரிய உயரத்தில் நின்றுவிடும்.

தட்டில் கரைப்பான் ஏறிக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள்.

"மாமா சமையக்கூடத்துல விழுந்துட்டாருடி. கை காலெல்லாம் நடுங்கி, வேர்த்து ஊத்தி, இன்னாத்தையோ உளறிகினு இருந்தாராம்."

தீபாவளி வேலையில் காலையில் சாப்பிடாமல் இருந்திருக்கிறார். மாத்திரை போட்டிருக்கிறார். முந்தின நாள் பொடியின் வேகமும் உடம்பில் மிச்சம் இருந்திருக்கிறது. நல்லவேளை, சர்க்கரை தேடி அலைய வேண்டிய இடம் இல்லை. கூட இருந்தவர்கள் உட்கார வைத்து, சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் குடிக்க வைத்திருக்கிறார்கள். தெளிந்துவிட்டார். பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஆனால் அங்கே போய் ஒரு மணி நேரத்தில் மறுபடியும் சர்க்கரை இறங்கியிருக்கிறது. அவர் போடுகிற மாத்திரை அளவுக்கு இவ்வளவு ஏன் இறங்குகிறது என்று டாக்டருக்குப் புரியவில்லை.

தட்டை எடுத்து உலர்த்தி, இருட்டுப் பெட்டிக்குள் புற ஊதா விளக்கில் பார்த்தேன். பாக்கெட் பொடியின் பாதையில் ஒரு கரும்புள்ளி. மாத்திரையின் பாதையிலும் அதே உயரத்தில், அதே மாதிரி ஒரு புள்ளி. தோட்டத்து இலையின் பாதையில் அந்த இடம் காலி. பிறகு ஒரு திரவத்தைத் தெளித்துச் சூடாக்கினேன். இலையின் பாதையில் ஊதா நிறத்தில் பட்டை பட்டையாக ஜிம்னீமிக் அமிலங்கள் எழுந்து வந்தன. பாக்கெட் பொடியின் பாதையில் அந்த ஊதாவே இல்லை. ஏதோ ஒரு கசப்பு இலையை அரைத்து, அதில் மாத்திரையைப் பொடித்துக் கலந்திருக்கிறார்கள். கணையத்தை எழுப்புகிற மருந்து மாமாவின் உடம்பில் இரண்டு பங்காகப் போய்க்கொண்டிருந்தது.

மேடம் தட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இது சந்தேகம்தான். பெரிய கருவியில போட்டுத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

"டாக்டர்கிட்ட இப்ப என்ன மேடம் சொல்றது?"

"சந்தேகம்னே சொல்லு. ஆனா இப்பவே சொல்லு."

ஆஸ்பத்திரி டாக்டரிடம் போனில் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். அந்த மருந்து உடம்பில் ரொம்ப நேரம் தங்கும், அப்படியென்றால் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று சொல்லி, குளுக்கோஸ் ஏற்றி மறுநாள் வரை வைத்துக்கொண்டார்.

மத்தியானம் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாமா கண் விழித்துப் படுத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பாயும் அந்தப் பொடியத்தான் எடுத்துக்கினு கீறாரு. மொதல்ல அவருக்குப் போன் போடு."

போட்டேன். பாய் எடுத்தார். கொஞ்ச நாளாகவே சாப்பாடு தள்ளிப்போனால் கை நடுங்குகிறது, வயசாகிவிட்டது என்று நினைத்தேன் என்றார். பொடியை உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். அன்றைக்கே போய்ப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. அடுத்து, பாக்கெட் கொடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார் மாமா. அந்த ஆள் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். "நீ இன்னா பண்ணுவ, நல்லதுன்னு நெனச்சுத்தான் குடுத்த. உங்கம்மாவுக்குக் குடுக்காத, அத்த மட்டும் பாரு" என்றார் மாமா. எனக்கு அந்த மனுஷனைப் பிடித்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. மாமாவுக்கு முன்னால் முடியவில்லை.

பெரிய கருவியின் முடிவு வந்தது. சந்தேகப்பட்ட மருந்தேதான். மாமா எழுந்து நடமாட ஆரம்பித்ததும் நாங்கள் இருவரும் அந்தச் சந்துக் கடைக்குப் போனோம். நான் சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். கடைக்காரர் வயதானவர். மூட்டையாக வெளியூரிலிருந்து வருகிறது, பிரித்துப் பாக்கெட் போடுகிறேன், நானே அதைத்தான் சாப்பிடுகிறேன் என்றார்.

மாமா அவருக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "நானும் சரக்கு போடறவன்தான் பெரியவரே. உள்ள இன்னா கீதுன்னு தெரியாத தட்டு என் கையில இருந்து வெளிய போவாது. உங்களுக்கு மூட்டை குடுத்தவன் உங்களையும் ஏமாத்தினு கீறான். நீங்களும் மாத்திரை போடறவரா?"

கடைக்காரர் தலையாட்டினார்.

"அப்ப மொதல்ல டாக்டரைப் போய்ப் பாருங்க."

மிச்சம் இருந்த மூட்டையைக் கடைக்காரரே வெளியே இழுத்து வைத்தார். மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு எங்கள் ஆய்வக முடிவோடு புகார் கொடுத்தோம். வந்து மாதிரி எடுத்துப் போனார்கள். மூட்டை எந்த ஊரிலிருந்து வந்தது, அனுப்பியவன் யார் என்பது எனக்கு இன்று வரை தெரியாது.

கொஞ்ச நாள் கழித்து மாமாவோடு மயிலாப்பூரில் அந்தச் சித்த மருத்துவரிடம் போனேன். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, கல்லீரல் பரிசோதனையும் சர்க்கரை அளவும் நிலையாக வரும் வரை எந்தப் பொடியும் வேண்டாம் என்றார். பிறகு மாமாவின் டாக்டரிடம் அவரே போனில் பேசினார். இரண்டு பேரும் பேசி முடிவு செய்து, சில மாதம் கழித்துத்தான் நல்ல இலைப் பொடியைக் குறைந்த அளவில், சாப்பாட்டுக்குப் பிறகு, ஆரம்பித்தார்கள். மாத்திரை அளவை டாக்டர் கொஞ்சம் மாற்றினார். இப்போது சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அது இலையாலா, மாத்திரையாலா, மாமா காலையில் கண்டிப்பாகச் சாப்பிட ஆரம்பித்ததாலா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

முதலாளியிடமும் மாமாவே போய்த் தன் வியாதியைச் சொன்னார். அவர் வேலையை விட்டு அனுப்பவில்லை. ருசி பார்க்க இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டார்கள். மாமா இப்போது ருசி பார்த்துவிட்டுத் துப்பிவிடுகிறார்.

போன மாதம் மேடம் மாமாவை ஆய்வகத்துக்குக் கூட்டிவரச் சொன்னார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். மேடம் புதிதாக ஒரு தட்டைச் சூடாக்கி, ஊதாப் பட்டைகள் ஒவ்வொன்றாக எழுவதைக் காட்டினார். மாமா குனிந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல எதும்மா நாக்கை மறைக்கிறது?"

"சிலது தெரியும். ஒவ்வொண்ணும் எவ்வளவு செய்யுதுன்னு இன்னும் முழுசாத் தெரியாது" என்றார் மேடம்.

"அப்ப உங்களுக்கு இன்னும் நெறைய வேலை கீது."

மேடம் சிரித்ததை நான் பார்ப்பது அபூர்வம். அன்றைக்குச் சிரித்தார். மத்தியானம் மூன்று பேரும் கேண்டீனில் சாப்பிட்டோம். தனக்கும் சர்க்கரை உண்டு என்று மேடம் அப்போதுதான் சொன்னார், அத்தனை வருஷம் கூட வேலை செய்த எனக்கே தெரியாது. மாமா அவரிடம் காலையில் என்ன சாப்பிடுகிறார், எந்த நேரத்தில் மாத்திரை போடுகிறார் என்று விசாரிக்க ஆரம்பித்தார். மேடம் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.